பழைய கார்டன் டிராக்டரால் ஜல்லி டிரைவ்வேயைப் புதுப்பிப்பது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஒன்றிரண்டு ஏக்கரோடு வீடு வாங்கினால், சாலையிலிருந்து வீடுவரைக்கும் பெரும்பாலும் ஜல்லிப் பாதைதான் இருக்கும். பென்சில்வேனியா போல உறைபனி இறங்கும் மாநிலங்களில், மார்ச், ஏப்ரலில் நிலம் இளகும்போது அந்தப் பாதையின் உண்மை நிலை தெரிந்துவிடும். குழிகள், ஆழமான சக்கரத் தடங்கள், நடுவில் புல், கேரேஜ் வாசலில் தேங்கிய தண்ணீர். பலர் உடனே ஒரு லோடு ஜல்லி வரவழைத்து, குழிகளின் மேல் கொட்டி நிரவிவிடுகிறார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே குழி திரும்பவும் வந்து நிற்கும்.

ஜல்லிப் பாதையை முதலில் கெடுப்பது தண்ணீர். வண்டிச் சக்கரம் அதற்கு அப்புறம்தான். தண்ணீர் நிற்காமல் ஓடும்படி பாதையின் வடிவத்தைத் திருத்திவிட்டால், ஏற்கெனவே கிடக்கும் ஜல்லியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அப்படித் திருத்த மெதுவாகப் போய், மெல்லிசாகச் சீவி, பத்தடி அகலத்துக்குள் திரும்பக்கூடிய இயந்திரம் வேண்டும். ஷெட்டில் கிடக்கும் பழைய கார்டன் டிராக்டர் இதற்கு மிகவும் பொருத்தமானது. வாடகைக்கு எடுத்த பெரிய லோடரை ஒரே நாளில் பழகி ஓட்டுவதைவிட, வாரக்கடைசிகளில் இதை வைத்து நிதானமாகச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே சொல்வது ஜல்லிப் பாதைக்கு மட்டும். தார், சிமென்ட் போட்ட டிரைவ்வேக்கு இது பொருந்தாது.

உங்கள் டிராக்டர் தாங்குமா?

கடையில் விற்கும் புல்வெட்டும் டிராக்டர் எல்லாம் கார்டன் டிராக்டர் ஆகிவிடாது. விலை குறைந்த லான் டிராக்டர்களில் இருக்கும் டஃப் டார்க் கே46 வகை கியர்ப்பெட்டி புல் வெட்டுவதற்காகச் செய்தது. மண்ணைக் கிளறும் கருவியை அதன் பின்னால் மாட்டி இழுத்தால் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். உண்மையான கார்டன் டிராக்டரின் சட்டம் கனமானது. பின்அச்சும் இந்த இழுவைக்கென்றே செய்தது, சக்கரங்களும் பெரியவை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கொண்டுவந்த கப் கேடட், ஜான் டியர் 1963-இல் விட்ட 110, பழைய வீல் ஹார்ஸ் வண்டிகள் எல்லாம் இந்த வகைதான்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றால் ஜான் டியர் 318. 1983 முதல் 1992 வரை வந்த மாடல். 18 குதிரைத்திறன் கொண்ட இரட்டை சிலிண்டர் ஓனன் எஞ்சின், கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், பவர் ஸ்டீயரிங், ஹைட்ராலிக் லிஃப்ட் எல்லாம் அதில் உண்டு. பின் டயர் 23 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம். இன்றும் நல்ல நிலையில் கைமாறுகிறது. ஓனன் எஞ்சினுக்குக் காற்றுதான் குளிர்ச்சி. மேலே இருக்கும் தகரக் கவசத்தைக் கழற்றிப் பாருங்கள். பல வருடப் புல்லும் எண்ணெய் கலந்த தூசியும் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே கெட்டியாக அடைத்திருக்கும், எலிக்கூடுகூட இருக்கலாம். அதைச் சுரண்டி எடுக்காமல் பாரம் இழுத்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, வால்வு சீட் கழன்றுவிடும் அபாயம் இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் காற்றில் குளிரும் எஞ்சின் என்றால் இந்தச் சுத்தம்தான் முதல் வேலை.

அப்புறம் வழக்கமானவை: புது எண்ணெய், புது பெட்ரோல், காற்று வடிகட்டி, பிரேக். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் கிடந்த எத்தனால் கலந்த பெட்ரோலை வடித்துவிடுங்கள். புல்வெட்டும் டெக்கைக் கழற்றி வையுங்கள். அது ஜல்லியில் இடிபடும், அது இல்லாவிட்டால் அடியில் நடப்பதைப் பார்க்கவும் வசதி.

இந்த வேலையில் எஞ்சின் பலத்தைவிடப் பிடிமானம்தான் முதலில் தீர்ந்துபோகும். புல்தரைக்கான வழவழப்பான டயர் ஜல்லியில் சும்மா சுற்றும். வரிவரியாகக் கட்டை உள்ள உழவு டயர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் எடை ஏற்றுங்கள். பின்சக்கரங்களில் போல்ட் போட்டு மாட்டும் வார்ப்பிரும்பு எடைகள் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கும். டயருக்குள் திரவம் நிரப்புவது இன்னொரு வழி. கால்சியம் குளோரைடு கரைசல் ரிம்மை அரித்துவிடும் என்பதால் பலர் உறையாத வைப்பர் தண்ணீரை நிரப்புகிறார்கள். பின்னால் கனமான பெட்டியைத் தொங்கவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேசாது; அப்போது முன்பக்கமும் எடை வேண்டும்.

எந்தக் கருவி?

மூன்று இருந்தால் முழு வேலையும் செய்யலாம். ஒன்று, பற்கள் உள்ள பெட்டிச் சுரண்டி, அதாவது பாக்ஸ் ஸ்கிரேப்பர். கென்டக்கியில் 1839-இல் தொடங்கிய பிரின்லி-ஹார்டி போன்ற கம்பெனிகள் கார்டன் டிராக்டரின் ஸ்லீவ் ஹிட்ச்சுக்கு, அதாவது பின்னால் கருவி மாட்டும் இணைப்புக்கு, ஏற்ற சிறிய அளவில் செய்கிறார்கள். இரண்டாவது, சாய்த்துத் திருப்பக்கூடிய பிளேடு. முன்னாலோ பின்னாலோ இருக்கலாம், பனி தள்ளும் பிளேடே போதும். மூன்றாவது, கடைசியில் நிரவுவதற்கு ஓர் இழுப்புச் சட்டம். இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: இரண்டு எல்-ஆங்கிள் இரும்புகளைச் சற்றே சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இரண்டடி இடைவெளியில் சட்டமாகப் பற்றவைத்து, நீளமான சங்கிலியால் இழுங்கள். சங்கிலி குட்டையாக இருந்தால் சட்டத்தின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, சீவாமல் மேலே வழுக்கும்.

சிறிய பெட்டிச் சுரண்டி எடை குறைவு. இறுகிப்போன பாதையில் பற்கள் இறங்காமல் கீறிக்கொண்டே போகும். மேலே இரண்டு சிமென்ட் பிளாக்கை வைத்துக் கம்பியால் கட்டுங்கள், இறங்கும்.

எந்தப் பாரத்தையும் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். அச்சுக்கு மேலே, சீட்டுக்கு அடியில், எங்கேயாவது சங்கிலியைக் கட்டி இழுத்து, பாரம் எங்காவது மாட்டிக்கொண்டால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர்மேல் மல்லாந்துவிடும். இந்தப் பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்புச் சட்டம் கிடையாது. அதே காரணத்தால் செங்குத்தான சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் கூடவே கூடாது.

மழையில் ஒரு நடை

வேலை தொடங்கும் முன் நல்ல மழை பெய்யும்போது குடையோடு பாதை முழுக்க நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே பாதையின் நீளவாக்கில் ஓடி அரிக்கிறது என்று பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக டிரைவ்வேயில் விழுகிறதா, சாலைத் தண்ணீர் உங்கள் பாதைக்குள் திரும்புகிறதா என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது.

ஓரங்களையும் கவனியுங்கள். வருடக்கணக்காகச் சக்கரம் தள்ளிய ஜல்லியும், பனி தள்ளும்போது ஒதுங்கியதும், அதில் முளைத்த புல்லும் சேர்ந்து இருபுறமும் வரப்பு மாதிரி எழுந்திருக்கும். வயலில் வரப்பு தண்ணீரை நிறுத்துவதற்காகக் கட்டுவது. இங்கேயும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் போக வேண்டியது இந்த வரப்புதான்.

மண்ணில் பல் இறங்கும் முன் 811 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். இலவசம். மின்சாரம், எரிவாயு, தொலைபேசி நிறுவனங்கள் வந்து தங்கள் குழாய், கம்பிகள் போகும் இடத்தைப் பெயின்டால் குறித்துத் தருவார்கள். பென்சில்வேனியாவில் குறைந்தது 3 வேலை நாட்கள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவர்கள் குறிப்பது அவர்களுக்குச் சொந்தமானதை மட்டும். கேரேஜுக்கு நீங்கள் இழுத்த மின்கம்பி, புரொபேன் தொட்டியிலிருந்து வரும் குழாய், செப்டிக் குழாய், நாய்க்காகப் புதைத்த வேலிக் கம்பி இதெல்லாம் உங்கள் பொறுப்பு. செப்டிக் தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஜல்லி லாரி வரும் நாளிலும் உதவும்.

எவ்வளவு ஜல்லி, எந்த ஜல்லி?

அழகாக இருக்கிறது என்று உருண்டைக் கூழாங்கல் வாங்காதீர்கள். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது. எத்தனை தடவை நிரவினாலும் காலடியில் நழுவும். பொடி இல்லாமல் கழுவிய உடைகல்லும் மேற்பரப்புக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது, உடைத்த கல்லும் அதன் பொடியும் கலந்த கலவை. முனை முனையாக இருக்கும் கல் பூட்டிக்கொள்ளும், இடைவெளியைப் பொடி நிரப்பி இறுக்கும்.

பென்சில்வேனியாவில் இதன் பெயர் 2ஏ. பெரிய கல் 2 அங்குலம் வரை, அதிலிருந்து படிப்படியாக மாவுபோன்ற பொடி வரை எல்லாம் இருக்கும். 2பி என்று கேட்டுவிடாதீர்கள். அது பொடி நீக்கிய முக்கால் அங்குலச் சுத்தக் கல், வடிகாலுக்கு நல்லது. மற்ற மாநிலங்களில் கிரஷர் ரன் என்று கேட்டால் புரியும். பொடிதான் பாதையைக் கட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கு எளிது. நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி 27-ஆல் வகுத்தால் கன கெஜம், அதை 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அமெரிக்க டன். 200 அடி நீளம், 10 அடி அகலம், தளர்வாக 3 அங்குலம் என்றால் 500 கன அடி, பதினெட்டரை கன கெஜம், சுமார் 26 டன். இறுகியபின் இரண்டரை அங்குலம் அளவுக்கு நிற்கும். இதை இரண்டு நடையாக வாங்குங்கள். பின்னால் மூன்று அச்சு உள்ள பெரிய லாரி 20 டன்னுக்குமேல் கொண்டுவந்துவிடும். அதை மொத்தமாகக் கொட்டி வைத்தால் உங்கள் சின்ன டிராக்டர் அந்தக் குவியலோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துவிடும்.

ஆனால் ஜல்லிக்கு இப்போதே சொல்லாதீர்கள். முதலில் இருக்கும் பாதையைக் கிளறி வடிவம் கொடுங்கள். அடியில் புதைந்து கிடக்கும் பழைய ஜல்லி எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்தபின் கணக்குப் போட்டால், வாங்க வேண்டியது பெரும்பாலும் குறையும்.

கிளறுதல்

மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, மேற்பரப்பு ஈரமாகவும் அடிமண் கெட்டியாகவும் இருக்கும்போது தொடங்குங்கள். காய்ந்த பாதையில் பல் இறங்காது, இறங்கினாலும் பொடி தூசியாகப் பறந்துவிடும். சேறாக இருக்கும்போது இறங்கினால் டிராக்டரே புதிய பள்ளம் தோண்டும். கோடையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து வையுங்கள்.

முதலில் புல். நடுவில் முளைத்ததையும் ஓர வரப்பையும் வேரோடு சீவி வெளியே தள்ளுங்கள். ஜல்லியில் கலந்த வேரும் மட்கிய மண்ணும் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பாதையை மெத்தென்று ஆக்கும்.

பிறகு பெட்டிச் சுரண்டியின் பற்களை ஓர் அங்குலம் கீழே நீட்டி, நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஒரு சுற்றுப் போங்கள். அடுத்த சுற்றில் இன்னும் ஓர் அங்குலம். ஒரேயடியாக ஆழமாக இறக்கினால் சக்கரம் சுற்றும், இல்லையென்றால் கருவி துள்ளும். எஞ்சினை முக்கால் பங்குக்கு மேலான வேகத்தில் ஓடவிட்டு, நகரும் வேகத்தை மட்டும் குறையுங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு விசிறி வேகமாகச் சுற்றினால்தான் குளிர்ச்சி. சாலையைச் சீவிச் சமன் செய்யும் பெரிய கிரேடர் ஓட்டுகிறவர்களுக்கே ஜல்லிச் சாலையில் மணிக்கு 3 முதல் 5 மைல் வேகம்தான் சொல்லப்படுகிறது. வேகமாகப் போனால் பிளேடு துள்ளித் துள்ளிப் பாதையில் அலை அலையாக வரி விழும், அந்த வரிகள் காருக்கும் பிடிக்காது உங்கள் முதுகுக்கும் பிடிக்காது.

எவ்வளவு ஆழம் கிளற வேண்டும்? குழியின் அடிவரைக்கும். இந்த வேலையிலேயே மிக முக்கியமான விஷயம் இதுதான். குழிக்குள் புதுக் கல்லைப் போட்டால், இறுகிய கிண்ணத்துக்குள் தளர்வான கல் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கும், போகிற ஒவ்வொரு சக்கரமும் அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பொடியை வெளியே பீய்ச்சும், கல்லும் பின்னாலேயே கிளம்பும். குழியைச் சுற்றியிருக்கும் மேட்டை அதன் அடிமட்டம்வரை வெட்டிக் கலந்து, எல்லாவற்றையும் ஒரே பொருளாக மறுபடி பரப்பினால்தான் குழி உண்மையில் மறையும்.

எங்காவது கிளறும்போது ஜல்லியே இல்லாமல் கருப்புச் சேறு வந்தால் அது வேறு நோய். அந்த இடத்தை 8 முதல் 12 அங்குலம் தோண்டி, அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, முஷ்டி அளவுக் கல்லால் நிரப்பி, மேலே 2ஏ போடுங்கள். துணி இல்லாவிட்டால் கல் மெல்ல மெல்லச் சேற்றுக்குள் இறங்கிவிடும், சேறு மேலே வந்துவிடும்.

நடுமேடும் வாட்டமும்

பாதையின் நடு உயர்ந்து, இருபுறமும் வாட்டமாக இறங்க வேண்டும். அளவு, அடிக்கு அரை அங்குலம். பத்தடிப் பாதையில் ஓரத்தைவிட நடு இரண்டரை அங்குலம் உயரம். ஓட்டும்போது இந்த வாட்டம் தெரியவே தெரியாது, தண்ணீருக்கு நன்றாகத் தெரியும்.

பிளேடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, வலது ஓரத்திலிருந்து ஜல்லியை நடுவை நோக்கி ஒதுக்கிக்கொண்டே ஒரு நடை போங்கள். திரும்பி வரும்போது அடுத்த ஓரம். நடுவில் நீளமாக ஒரு கரை சேரும். அதை நேராக்கிய பிளேடால், தரையிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து, இருபுறமும் பரப்புங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்யும்போது மெல்ல மெல்ல வடிவம் வரும், அவசரப்படுத்த வேண்டாம்.

அளக்கக் கொத்தனாரின் வழி இருக்கிறது. 4 அடி ரசமட்டத்தின் ஒரு முனையில், அடிப்புறம், 2 அங்குல மரக்கட்டையை டேப்பால் ஒட்டுங்கள். கட்டை இருக்கும் முனை ஓரத்தைப் பார்த்து இருக்கும்படி பாதையின் குறுக்கே வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் அடிக்கு அரை அங்குலம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இருபதடிக்கு ஒருமுறை இருபுறமும் வைத்துப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம், மரநிழலும் சரிவும் ஏமாற்றும்.

எல்லா இடத்துக்கும் நடுமேடு பொருந்தாது. மலைச்சரிவில் குறுக்காகப் போகும் பாதை என்றால் முழு அகலத்தையும் ஒரே பக்கம் வாட்டமாக்குவது எளிது. வீட்டை ஒட்டிய கடைசிப் பத்தடி கட்டாயம் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். நீளமான இறக்கத்தில் நடுமேடு இருந்தாலும் தண்ணீர் நீளவாக்கில் ஓடப் பார்க்கும். அங்கே பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைப் பாதையின் குறுக்கே சாய்வாகப் புதைத்து, மூன்று அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி விடுவார்கள். கார் ஏறினால் மடங்கும், தண்ணீரைத் திருப்பிவிடும்.

ஓரத்தில் இறங்கிய தண்ணீர் போக வழி வேண்டும். வரப்பை வெட்டிய இடத்தில் ஆழமில்லாத வாய்க்கால் இழுத்துவிடுங்கள். பாதைக்கு அடியில் கல்வெர்ட் குழாய் இருந்தால் இரு வாயிலும் சேர்ந்த இலை, மண்ணை அள்ளுங்கள். சாலையை ஒட்டிய பகுதியை மாற்றுவதாக இருந்தால் டவுன்ஷிப்பில், அதாவது உள்ளாட்சி அலுவலகத்தில், கேட்டுவிடுங்கள். மாநிலச் சாலை என்றால் போக்குவரத்துத் துறை அனுமதி வேண்டும்.

ஜல்லி வரும் நாள்

லாரி ஓட்டுநரிடம் முன்பே சொல்லி, பின்கதவைச் சங்கிலியால் கொஞ்சமாகத் திறந்து வைத்து, ஓடிக்கொண்டே பரப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். அனுபவமுள்ளவர் என்றால் ஒரே சீராக இழுத்துவிட்டுப் போவார். உங்கள் வேலை பாதியாகும். மேலே மின்கம்பி இருக்கும் இடத்தில் தொட்டியைத் தூக்கக் கூடாது என்று காட்டிவிடுங்கள். செப்டிக் தொட்டியின் மேலும் பழைய கல்வெர்ட்டின் மேலும் ஏறவிடாதீர்கள்.

குவியலாகக் கொட்டினால் நெஞ்சால் முட்டுவதுபோல் நேராகப் போய் மோதாதீர்கள், டிராக்டர் நின்றுவிடும். ஓரத்திலிருந்து பிளேடின் பாதி அகலத்துக்கு மட்டும் கடித்து எடுத்து, இழுத்துக்கொண்டு போய்ப் பரப்புங்கள். மூன்று அங்குலத்துக்குமேல் கனமாக ஒரே அடுக்காகப் போட வேண்டாம், மேல்தோல் இறுகும், உள்ளே தளர்ந்தே கிடக்கும். நடுமேடு அடியிலேயே கொடுத்துவிட்டதால் புது ஜல்லி எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருந்தால் போதும். கடைசியாக இழுப்புச் சட்டத்தைக் கட்டி மெதுவாக ஒரு சுற்று.

இறுக்குதல்

தோட்டத்தில் உருட்டும் தண்ணீர் ரோலரின் எடை இதற்குப் போதாது. வைப்ரேட்டர் திமிசு, அதாவது பிளேட் காம்பாக்டர், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது. ஈரப்பதம் சரியாக இருந்தால்தான் இறுகும். கொஞ்சம் அள்ளிக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், சொட்டினால் ஒரு நாள் காயவிடுங்கள்.

ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நடுவில் தொடங்கினால் ஜல்லி ஓரத்துக்கு நழுவி மேடு தட்டையாகிவிடும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு முறை. அதன்பின் சில வாரங்கள் காரை ஒரே தடத்தில் ஓட்டாமல், ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று மாற்றி ஓட்டச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பல டன் எடை ரோலர் இலவசமாகக் கிடைத்த மாதிரிதான் அது.

தார்ச் சாலையைச் சுரண்டி எடுத்த பழைய தார்ப்பொடி உங்கள் பகுதியில் கிடைத்தால் மேலடுக்குக்கு அதையும் யோசிக்கலாம். வெயிலில் மெல்ல ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், தூசி குறையும். கோடையின் உச்சத்தில் போட்டு, சூட்டோடு சூடாக இறுக்க வேண்டும். பின்னால் குழி விழுந்தால் ஜல்லியைப்போல எளிதாகக் கிளற முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்?

வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்தில் நிலம் இளகிக் கெட்டியானதும், இலையுதிர் காலத்தில் நிலம் உறையும் முன்பும், மழைக்கு மறுநாள் இழுப்புச் சட்டத்தை ஒரு சுற்று ஓட்டினால் போதும். ஓரத்துக்கு ஓடிய கல் நடுவுக்கு வரும்படி ஓட்டுங்கள். குழி சின்னதாகத் தெரியும்போதே அந்த இடத்தில் மட்டும் பற்களை இறக்கிவிடுங்கள். பனிக்காலத்தில் பிளேடின் கீழே இருக்கும் இரும்புக் காலணிகளை இறக்கி வைத்து, தரைக்கும் பிளேடுக்கும் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். முதல் ஓரிரு பனிக்கு, தரை உறைந்து கெட்டிப்படும்வரை, இன்னும் கொஞ்சம் கூட்டியே விடலாம். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டுப் பரப்பிய ஜல்லியெல்லாம் பனியோடு சேர்ந்து புல்தரைக்குப் போய்விடும். வசந்தத்தில் அதை ரேக்கால் வாரிக் கொண்டுவர வேண்டியதும் நீங்கள்தான்.